ராத்திரி மருந்தா, ஊசியா, ஆபரேஷனா? பிள்ளைக்கு மூத்திரம் கிட்னிக்கு ஏறுதுன்னு சொல்லிட்டா எதப் பாத்து முடிவு பண்றது

மூத்தவளுக்கு பதினோரு மாசத்துல ஒரு காய்ச்சல் வந்துச்சு. சளி கெடையாது, இருமல் கெடையாது, வயித்தால போகவும் இல்ல, சும்மா காய்ச்சல், 103 வரைக்கும் ஏறும், சிரப் குடுத்தா எறங்கும், ஆறு மணி நேரத்துல மறுபடி ஏறும். பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டுனோம், வைரல்னு சொல்லி அனுப்புனாங்க. மறுநாளும் போனோம், பல்லு மொளைக்குதுன்னாங்க. மூணாவது நாள் ராத்திரி பிள்ள பால் குடிக்காம கண்ணு சொருகி கெடக்கா, அப்பதான் வேற ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனோம், அங்க டூட்டியில இருந்த டாக்டரு முதல்ல கேட்டதே யூரின் பாத்தியளான்னுதான். இதுல கேவலம் என்னன்னா நான் லேப் டெக்னீஷியன். பதினாலு வருஷமா ஊரு பிள்ளைகளோட யூரின பிளேட்ல போட்டு கிருமி வளருதான்னு கல்ச்சர் பாக்குறவ, சொந்தப் பிள்ளைக்கு மூணு நாளா ஒரு சொட்டு எடுத்துப் பாக்கணும்னு தோணல.

கல்ச்சர்ல ஈ.கோலைங்குற குடல் கிருமி. அல்ட்ராசவுண்டுல இடது கிட்னி கொஞ்சம் வீங்கின மாதிரி. அப்புறம் எம்.சி.யு.ஜி., அதாவது மூத்திரப்பைக்குள்ள சின்ன டியூப் வச்சு மருந்த நெறச்சு பிள்ள ஒண்ணுக்கு போகும்போ எக்ஸ்ரே எடுப்பாங்களே, அதுல இடது பக்கம் ரிஃப்ளக்ஸ், கிரேடு 3. அஞ்சு மாசம் கழிச்சு எடுத்த டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன்ல, அதாவது கிட்னியில தழும்பு இருக்கான்னு காட்டுற ஸ்கேன்ல, இடது கிட்னி மேல்பக்கத்துல சின்னதா ஒரு தழும்பு. அந்த தழும்பு அந்த மூணு நாள்ல வந்ததா, முன்னாடியே இருந்ததான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதுன்னு டாக்டரு சொன்னாரு. எனக்கு பதில் தெரியும்னு எனக்கு ஒரு நெனப்பு, அது கெடக்கட்டும்.

ரிஃப்ளக்ஸ்னா என்னன்னு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்களுக்கு சொல்றது லேசு. தேங்காப்பட்டணம் பொழியில, அதாவது ஆறு கடல்ல சேருற வாயில, கடல் தண்ணி குழித்துறை ஆத்துக்குள்ள திரும்பி ஏறுதுல்லா, அதே கதைதான். கிட்னியில இருந்து வர்ற குழாயி மூத்திரப்பை சுவருக்குள்ள சாய்வா கொஞ்ச தூரம் ஓடி அப்புறம்தான் உள்ள திறக்கணும், பை நெறையும்போ அந்த அழுத்தத்துலயே குழாய் நசுங்கி மூடிக்கும், மேல ஏறாது. அந்த சாய்வு ஓட்டம் குழாயோட அகலத்தப் போல ஒரு அஞ்சு மடங்கு நீளம் இருந்தா நல்லா அடைக்கும்னு சொல்லுவாங்க. சில பிள்ளைகளுக்கு அது குட்டையா பொறவியிலயே இருக்கும், மூத்திரம் மேல ஏறும், கிருமி இருந்தா அதும் சேந்து ஏறும். பிள்ள வளர வளர அந்த ஓட்டமும் நீளுது, அதனாலதான் நெறைய பேருக்கு தானா சரியாவுது. இந்த ஒரு விஷயம் மனசுல இருந்தா மத்த எல்லா முடிவும் புரியும். நாம காலத்துக்கிட்ட இருந்து ரெண்டு மூணு வருஷம் வாங்குறோம், அந்த ரெண்டு மூணு வருஷத்துல கிட்னிய எப்படி காப்பாத்துறதுங்குறதுதான் கேள்வி.

கிரேடு 1 னா குழாயோட நின்னுரும். 2 னா கிட்னி வரைக்கும் ஏறும் ஆனா வீக்கம் இருக்காது. 3 ல கொஞ்சம் விரியும், 4 ல நல்லா விரியும், 5 ல குழாய் பாம்பு மாதிரி வளைஞ்சு கிட்னி உள்பக்கமே உப்பிப் போயிரும். 1, 2 பெரும்பாலும் தானா போயிரும், 5 தானா போறது அபூர்வம், நடுவுல உள்ள 3 தான் வீட்டுல சண்டைய கெளப்புற கிரேடு.

எங்க வீட்டுலயும் அதான் நடந்துச்சு. வீட்டுக்காரரு சவுதியில இருந்து போன்ல, "காசு நான் அனுப்புதேன், ஆபரேஷன் பண்ணி ஒரேயடியா முடிச்சிரு, தெனமும் பயந்துகிட்டு கெடக்க முடியாது"ன்னாரு. எங்க அண்ணன் யாருகிட்டயோ கேட்டுட்டு வந்து, இப்ப ஊசி போட்டே சரி பண்ணுதாவளாம், கத்தியே வேண்டாம், ஒரே நாள்ல வீட்டுக்கு வந்துரலாம்னான். டாக்டரு மறுபடி இன்ஃபெக்ஷன் வராம இருக்க ராத்திரி ராத்திரி குறைஞ்ச டோஸ்ல ஆன்டிபயாடிக் குடுங்கன்னாரு. மாமி மருந்து பாட்டில எடுத்துப் பாத்துட்டு, "மக்ளே, பச்சப்பிள்ளைக்கு தெனமும் இந்த மருந்தா, ஒண்ணும் குடுக்காண்டாம், அதுவா சரியாவும்"னாங்க. நாலு பேரு நாலு வழி. நான் நடுவுல நைட் ஷிப்ட் முடிச்சு வந்து உக்காந்து கிடைச்ச ஆராய்ச்சியெல்லாம் படிச்சேன். லேப்ல இருக்கதால படிச்சா கொஞ்சம் வெளங்கும், அவ்வளவுதான், நான் டாக்டரு கெடையாது, அதனால டோஸ் எதும் இங்க எழுத மாட்டேன், அது எடை பாத்து அவங்க சொல்லணும்.

படிக்க ஆரம்பிச்ச உடனே ஒரு விஷயம் தட்டுச்சு. எல்லாரும் ஒரே கேள்விக்கு பதில் சொல்லல. காய்ச்சல் எத்தன தடவ வருதுங்குறது ஒரு கணக்கு, கிட்னியில புதுசா தழும்பு விழுதாங்குறது வேற கணக்கு. ஒரு வழி முதல் கணக்குல ஜெயிக்கும், ரெண்டாவதுல ஒண்ணுமே மாத்தியிருக்காது. யாராவது இது நல்ல வைத்தியம்னு சொன்னா எதுக்கு நல்லதுன்னு திருப்பி கேக்கணும்.

முதல்ல ராத்திரி மருந்தையும் மாமியோட சும்மா இருக்குற வழியையும் பாப்போம், ஏன்னா இதுக்குத்தான் பெரிய ஆராய்ச்சி இருக்கு. அமெரிக்காவுல 19 இடத்துல 607 பிள்ளைகள வச்சு பண்ணுனாங்க, 2014 ல ரிசல்ட் வந்துச்சு, ரிவர்னு பேரு. பாதிப் பேருக்கு ரெண்டு வருஷம் தெனமும் கோட்ரைமாக்ஸசோல்ங்குற ஆன்டிபயாடிக், பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்குற வெறும் சிரப். மருந்து குடிச்ச 302 பேருல 39 பேருக்கு மறுபடி இன்ஃபெக்ஷன் வந்துச்சு, வெறும் சிரப் குடிச்ச 305 பேருல 72 பேருக்கு. பாதியா கொறைஞ்சிருக்கு, அப்ப டாக்டரு சொன்னது சரிதான்னு நெனச்சேன். அடுத்த வரியில தழும்பு கணக்கு: மருந்து குடிச்சவங்கள்ல 11.9 சதவீதம், வெறும் சிரப்ல 10.2 சதவீதம். அதாவது வித்தியாசமே இல்ல. அதுக்கும் அடுத்த வரி எனக்கு ரொம்பப் பழக்கமானது. திரும்ப ஈ.கோலை வந்த பிள்ளைகள்ல, மருந்து குடிச்ச பக்கம் 63 சதவீதம் பேரோட கிருமி அந்த மருந்துக்கு மசியல, மத்த பக்கம் 19 சதவீதம்தான். தெனமும் ஒரே மருந்த பாத்துகிட்டே இருக்குற கிருமி அதுக்கு பழகிக்கும், நாங்க சென்சிடிவிட்டி பிளேட்டுல தெனமும் பாக்குறதுதான். கிருமி பரப்புன பிளேட்டுல மருந்து உள்ள சின்ன டிஸ்க்க வைப்போம், மருந்து கேட்டா அத சுத்தி கிருமி இல்லாத வட்டம் விழும், கேக்கலன்னா வட்டம் விழாம கிருமி டிஸ்க்கு பக்கத்துல வரைக்கும் வளந்து கெடக்கும்.

இன்னொண்ணையும் கவனிங்க, வெறும் சிரப் குடிச்ச 305 பேருல 233 பேருக்கு ரெண்டு வருஷத்துல ஒண்ணும் வரல. மாமி சொன்னதுல பாதிக்கு மேல உண்மை இருக்குன்னுதான் இது காட்டுது, மாமிகிட்ட நான் இத சொல்லல.

ஆனா அந்த ஆராய்ச்சியில பெரும்பாலும் கிரேடு 2, 3 பிள்ளைகதான், 5 கெடையாது, பத்துல ஒம்பதுக்கு மேல பெண்பிள்ளைக. 3 ல இருந்து 5 வரைக்கும் உள்ள கைக்கொழந்தைகளுக்கு என்னன்னா, ஐரோப்பாவுல பண்ணுன பிரெடிக்ட்னு ஒரு ஆராய்ச்சி 2023 ல வந்துச்சு. அஞ்சு மாசத்துக்கு உட்பட்ட 292 கொழந்தைக, இன்னும் ஒரு இன்ஃபெக்ஷன் கூட வராதவங்க, அதுல மருந்து குடிச்ச 146 பேருல 31 பேருக்கும் குடிக்காத 146 பேருல 52 பேருக்கும் முதல் இன்ஃபெக்ஷன் வந்திருக்கு. இங்கயும் தழும்புல வித்தியாசம் இல்ல, இங்கயும் மருந்துக்கு மசியாத கிருமி கூடியிருக்கு.

அப்ப மருந்து வேஸ்டான்னு கேட்டா, இல்ல. ஸ்வீடன்ல ஒண்ணுல இருந்து ரெண்டு வயசுக்குள்ள உள்ள 203 பிள்ளைக, எல்லாமே கிரேடு 3, 4, மூணு கூட்டமா பிரிச்சாங்க: ராத்திரி மருந்து, ஊசி, சும்மா கண்காணிப்பு. 2010 ல வந்த ரிசல்ட். நம்ம வீட்டு சண்டைய அப்படியே ஆராய்ச்சியா பண்ணுன மாதிரி இருந்துச்சு எனக்கு, ஆபரேஷன் மட்டும்தான் இல்ல. பெண்பிள்ளைகள்ல காய்ச்சலோட இன்ஃபெக்ஷன் திரும்ப வந்தது சும்மா இருந்த கூட்டத்துல 57 சதவீதம், மருந்துல 19, ஊசியில 23. புதுசா கிட்னி பாதிப்பும் சும்மா இருந்த பெண்பிள்ளைகளுக்குத்தான் கூட. ஆம்பளப் பிள்ளைகளுக்கு எந்தக் கூட்டத்துலயும் பெருசா திரும்ப வரல. மூத்தவ பெண்பிள்ள, கிரேடு 3, ஒரு வயசு தாண்டியாச்சு, இந்த ஆராய்ச்சிக்குள்ள அவள வச்சுப் பாத்தா அச்சு மாதிரி பொருந்துது. அதோட மாமியோட வழி எங்க வீட்டுல முடிஞ்சுது. உங்க வீட்டுல கிரேடு 1, பய, ரெண்டு வயசுன்னா மாமி வழிதான் சரியா இருக்கும், டாக்டரே அதத்தான் சொல்லுவாரு.

ஊசிக்கு வருவோம். ஊசின்ன உடனே கையில போடுறதுன்னு நெனச்சிரக் கூடாது, எங்க அண்ணன் அப்படித்தான் நெனச்சிருக்கான். முழு மயக்கம் குடுத்து, ஒண்ணுக்கு போற வழியில சின்ன கேமரா டியூப் விட்டு, குழாய் திறக்குற எடத்துக்கு அடியில ஒரு ஜெல்ல குத்தி மேடு மாதிரி எழுப்புவாங்க. அந்த மேடு குழாய் வாயைத் தாங்கிப் பிடிச்சு மூத்திரம் மேல திரும்பி ஏறாம பாத்துக்கும், கீழ வர்றத தடுக்காது. 1984 ல அயர்லாந்து டப்ளின்ல ஓ'டானல், பிரேம் புரின்னு ரெண்டு டாக்டருங்க டெஃப்லான் வச்சு இத பிரபலமாக்குனாங்க, புரி நம்ம இந்தியாவுல இருந்து போனவரு. டெஃப்லான் ஒடம்புல வேற எடத்துக்கு நகருதுன்னு பயம் வந்ததும் ஸ்வீடன்ல டெஃப்ளக்ஸ்னு ஒரு ஜெல் கண்டுபிடிச்சாங்க, அமெரிக்காவுல 2001 ல அனுமதி ஆச்சு. வேலை கொஞ்ச நேரம்தான், பெரும்பாலும் அன்னைக்கே வீட்டுக்கு வரலாம், வெட்டு தழும்பு கெடையாது. இதெல்லாம் உண்மை.

உண்மை இல்லாதது ஒரே ஊசியில தீந்துரும்ங்குறது. பல ஆராய்ச்சிய ஒண்ணா சேத்துப் பாத்த ஒரு கணக்கு 2006 ல வந்துச்சு, அதுல ஒரு ஊசிக்கு ரிஃப்ளக்ஸ் நிக்குறது கிரேடு 1, 2 ல 78 சதவீதம் கிட்ட, 3 ல 72, 4 ல 63, 5 ல 51. எந்த கிரேடுக்கு அவசியமோ அதுல கம்மியா வேலை செய்யுது, எது தானாவே போயிருமோ அதுல நல்லா வேலை செய்யுது. ஸ்வீடன் ஆராய்ச்சியிலயும் ஊசி போட்டு நின்ன பிள்ளைகள்ல அஞ்சுல ஒருத்தருக்கு ரெண்டு வருஷத்துல ரிஃப்ளக்ஸ் திரும்பி வந்திருக்கு. திரும்பி வந்தா மறுபடி மயக்கம், மறுபடி ஊசி, மறுபடி எம்.சி.யு.ஜி. அப்புறம் அந்த ஜெல் மேடு சில பேருக்கு பல வருஷம் கழிச்சு சுண்ணாம்பு படிஞ்சு ஸ்கேன்ல கல்லு மாதிரியே தெரியும், தெரியாத ஆஸ்பத்திரியில போனா கிட்னி கல்லுன்னு அதுக்கு வைத்தியம் ஆரம்பிச்சிரலாம். ஊசி போட்டா டிஸ்சார்ஜ் சம்மரிய கல்யாணம் ஆகுற வரைக்கும் பத்திரமா வைங்க, லேமினேட் பண்ணி வச்சாலும் தப்பில்ல.

விலையும் இருக்கு. ஒரு மில்லி சிரிஞ்சு, வெளிநாட்டுல இருந்து வர்றது, எங்ககிட்ட சொன்ன மொத்த தொகை என்னோட ஆறு மாச சம்பளம்.

இனி வீட்டுக்காரரோட ஒரேயடி. ஆபரேஷன்ல அந்த குழாய பிரிச்சு எடுத்து, மூத்திரப்பை சுவருக்குள்ள நீளமா புது பாதை போட்டு, திரும்ப தைச்சு வைக்குறாங்க. கோஹன்னு ஒருத்தரு 1975 ல சொன்ன முறைய இன்னைக்கும் பண்ணுதாங்க, லேப்ராஸ்கோப்பிலயும் ரோபோவுலயும் வேற வேற முறை இருக்கு. ரிஃப்ளக்ஸ நிப்பாட்டுறதுல இத அடிச்சுக்க ஆளில்ல, 95 சதவீதத்துக்கு மேல. விலை என்னன்னா சில நாள் ஆஸ்பத்திரி, டியூப், மூத்திரத்துல ரத்தம், பை இழுத்துப் பிடிச்சு பிள்ள துடிக்குறது. கோஹன் முறையில குழாய் வாய் எதிர்ப்பக்கம் போயிருதால பின்னாடி பெரிய ஆளானப்புறம் கல்லு கில்லு வந்து கேமரா விடணும்னா கஷ்டமா இருக்கும், இத எங்களுக்கு முதல் தடவ யாரும் சொல்லல, கேட்டப்புறம்தான் சொன்னாங்க.

ஆனா வீட்டுக்காரருக்கு நான் அனுப்புன வாய்ஸ் மெசேஜ்ல சொன்னது இது இல்ல. 80 கள்ல ஆரம்பிச்ச ஒரு பன்னாட்டு ஆராய்ச்சி, ஐரோப்பாவுல மட்டும் 306 பிள்ளைக, கிரேடு 3, 4, ஒரு பாதிக்கு ஆபரேஷன், ஒரு பாதிக்கு மருந்து, பத்து வருஷம் வரைக்கும் பின்னாடியே போய் பாத்தாங்க. காய்ச்சலோட வர்ற இன்ஃபெக்ஷன் ஆபரேஷன் பண்ணுனவங்களுக்கு ஏறக்குறைய பாதிதான். தழும்பு? ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான். பொழி வாயை அடைச்சாச்சு, கடல் தண்ணி ஏறல, ஆனாலும் கிட்னி கணக்கு மாறல. அத கேட்டுட்டு அவரு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "செரி, அப்ப என்னதான் பண்ணணும்னு சொல்லு"ன்னாரு.

என்ன பண்ணணும்ங்குறதுக்கு பதில் எனக்கு வேற ஒரு எடத்துல கெடைச்சுது, ஊசியிலயும் இல்ல கத்தியிலயும் இல்ல. ரிவர் ஆராய்ச்சி பிள்ளைகளையும் அதோட கூட நடந்த இன்னொரு ஆராய்ச்சி பிள்ளைகளையும் சேத்து 482 பேர 2016 ல அலசுனாங்க. காய்ச்சல் தொடங்கி ஆன்டிபயாடிக் ஆரம்பிக்க எத்தன மணி நேரம் ஆச்சுன்னு பாத்தா, தழும்பு விழாத பிள்ளைகளுக்கு நடுக்கணக்கு (பாதிப் பேரு அதுக்குக் கீழ, பாதிப் பேரு மேல) 48 மணி நேரம், தழும்பு விழுந்தவங்களுக்கு 72. எழுபத்திரெண்டு. அந்த மூணு நாள். அத படிச்சிட்டு நான் லேப் பாத்ரூம்ல போய் அழுதேன், அத விடுங்க.

அதனால எல்லா வழியையும் ஒப்பிடுறதுக்கு முன்னாடி உங்களையே ஒரு கேள்வி கேளுங்க. ராத்திரி பதினோரு மணிக்கு பிள்ளைக்கு காய்ச்சல் வந்தா மறுநாள் மத்தியானத்துக்குள்ள யூரின் எடுத்து, கல்ச்சருக்கு குடுத்து, மருந்த ஆரம்பிக்க உங்களால முடியுமா? நாகர்கோவில்லயோ தக்கலையிலயோ மார்த்தாண்டத்துலயோ இருக்கவங்களுக்கு முடியும், மினி பஸ்சுல போனா லேப், ஆட்டோ புடிச்சா ஆஸ்பத்திரி. கோதையாறு மேல இருக்க ஒரு குடும்பத்துக்கு? கடல்ல போற அப்பாவும் கம்பெனியில இறால் உரிக்க போற அம்மாவும் இருக்க வீட்டுல, பாட்டிதான் பிள்ளைய பாக்குறாங்கன்னா? அவங்களுக்கு காய்ச்சலே வராம பாத்துக்குற வழிதான் மேல், ராத்திரி மருந்து விடாம குடுக்க முடிஞ்சா அது, அதும் முடியாதுன்னா சீக்கிரமா ஊசியோ ஆபரேஷனோ. ஒரே கிரேடு, ஒரே வயசு, ஆனா பஸ் வசதிய பொறுத்து முடிவு மாறும். இத எந்த ஆராய்ச்சியிலயும் நான் படிக்கல, என்னோட கருத்துதான், எங்க டாக்டருகிட்ட சொன்னப்போ தலையாட்டுனாரு.

லேப்காரியா ஒரு வார்த்தை. யூரின் எடுக்குறதுலதான் பாதி தப்பு நடக்குது. ஒட்டுற பை வச்சு எடுத்த யூரின்ல தோல்ல உள்ள கிருமியெல்லாம் சேந்து வளரும், அத பாத்து இன்ஃபெக்ஷன்னு முடிவு பண்ணுனா இல்லாத நோய்க்கு மருந்து குடுத்துகிட்டே இருக்கணும். பையில எடுத்தது சுத்தமா வந்தா இன்ஃபெக்ஷன் இல்லன்னு நம்பலாம், கிருமி வந்தா நம்பக் கூடாது. பிள்ள ஒண்ணுக்கு போகும்போ நடு மூத்திரத்த டப்பாவுல நேரா பிடிக்கணும், அவசரம்னா ஆஸ்பத்திரியில டியூப் போட்டு எடுத்துருவாங்க. கைக்கொழந்தை எப்ப போகும்னு டப்பாவும் கையுமா உக்காந்திருக்கவங்களுக்கு ஒரு வித்தை, பஞ்ச பச்சத்தண்ணியில நனைச்சு அடிவயித்துல, மூத்திரப்பைக்கு மேல, வட்டமா தேய்ங்க. ஆஸ்திரேலியாவுல 354 கொழந்தைகள்ட்ட இத பரிசோதிச்சு பாத்தாங்க, அஞ்சு நிமிஷத்துக்குள்ள 31 சதவீதம் பேரு போயிட்டாங்க, தேய்க்காம இருந்தவங்கள்ல 12. எடுத்த யூரின உடனே லேப்ல குடுங்க, லேட்டாகும்னா பிரிட்ஜ்ல வைங்க, பைக் பெட்டிக்குள்ள ரெண்டு மணி நேரம் வெயில்ல கெடந்தா அதுலயே கிருமி பெருகிரும். முக்கியமா முதல் டோஸ் ஆன்டிபயாடிக்குக்கு முன்னாடி எடுங்க. ரிசல்ட் வர ரெண்டு நாள் ஆகும், அதுக்காக மருந்த தள்ளிப் போடக் கூடாது, எடுத்துட்டு மருந்த ஆரம்பிச்சிரணும்.

மலச்சிக்கல பத்தி யாரும் பேசுறதே இல்ல. வெளிக்கி போகாம குடல் நெறைஞ்சு கெடந்தா அது மூத்திரப்பைய அமுக்கும், பை முழுசா காலியாகாது, மிச்சம் நிக்குற மூத்திரத்துல கிருமி வளரும். மூத்தவளுக்கு ஏத்தங்காய்ப்பொடி, அதாவது நேந்திரங்காய்ப் பொடி, காய்ச்சிதான் குடுத்துகிட்டு இருந்தோம், மூணு நாளுக்கு ஒருக்கதான் போவா, அதும் அழுதுகிட்டு. டாக்டரு அத கொறைச்சுட்டு பழமும் தண்ணியும் கூட்டச் சொன்னாரு, மட்டிப்பழம் மாமியோட தம்பி தோட்டத்துல இருந்தே வந்துச்சு, மெதுவா இளக்குற சிரப்பும் கொஞ்ச நாள். பெரிய பிள்ளைகன்னா பள்ளிக்கூடத்துல கக்கூஸ் நாறுதுன்னு சாயங்காலம் வரைக்கும் அடக்கி வைக்கும்ங்க, அத கேளுங்க. இத சரி பண்ணாம ஊசி போட்டாலும் ஆபரேஷன் பண்ணுனாலும் இன்ஃபெக்ஷன் வந்துகிட்டுத்தான் இருக்கும்.

ஆம்பளப் பிள்ளை வச்சிருக்கவங்களுக்கு ரெண்டு விஷயம். ஒண்ணுக்கு பீச்சி அடிக்காம சொட்டு சொட்டா போனா அது ரிஃப்ளக்ஸ் மட்டும் இல்ல, வழியில சவ்வு மாதிரி அடைப்பு இருக்கலாம், அதுக்கு இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது, உடனே பிள்ளைகளுக்கான சர்ஜன பாக்கணும். இன்னொண்ணு சுன்னத்து. சாதாரண பயலுகளுக்கு ஒரு இன்ஃபெக்ஷன தடுக்க 111 பேருக்கு சுன்னத்து பண்ணணும்னு ஒரு கணக்கு 2005 ல போட்டாங்க, ஆனா பெரிய கிரேடு ரிஃப்ளக்ஸ் உள்ள பயலுகள்ல நாலு பேருக்கு பண்ணுனாலே ஒண்ணு தடுக்கலாம். எங்க லேப்ல கூட வேலை பாக்குற திருவிதாங்கோடு அக்கா இத கேட்டுட்டு, "நாங்க எப்பவோ பண்ணுறத இப்பதான் கண்டுபிடிச்சாங்களாக்கும்"னு சிரிச்சாங்க.

காசு விஷயம் சுருக்கமா. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் உண்டு, ஆனா எந்த ஆஸ்பத்திரியில எந்த வேலைக்கு செல்லும்ங்குறத முதல்லயே அந்த ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்ல கேட்டுருங்க, ஜெல் விலை அதுல சேருமான்னு தனியா கேளுங்க. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல முதல்ல காட்டிட்டு அங்க எழுதிக் குடுக்குறத வச்சு போறது நல்லது. நம்ம ஆளுகளுக்கு பாதிப் பேருக்கு திருவனந்தபுரம்தான் பக்கம், நாங்களும் டி.எம்.எஸ்.ஏ. அங்கதான் எடுத்தோம், காலையில முதல் டிரெயின்ல போனா ராத்திரிக்குள்ள திரும்பலாம், ஆனா தமிழ்நாட்டு கார்டு அங்க செல்லுமான்னு கேட்டுட்டு கெளம்புங்க.

கடைசியில நாங்க எடுத்தது ராத்திரி மருந்து. தூங்கப் போறதுக்கு முன்னாடி, ஏன்னா ராத்திரி முழுக்க மூத்திரம் பையில நிக்கும், மருந்தும் கூட நிக்கும். பிரிட்ஜ் கதவுல ஒரு தாள் ஒட்டுனோம்: காய்ச்சல் 101 தாண்டுனா டப்பா, லேப், டாக்டர், இந்த வரிசை. ஒண்ணே முக்கா வயசுல ஒருக்க மருந்து குடிச்சுகிட்டு இருக்கும்போவே இன்ஃபெக்ஷன் வந்துச்சு, பிளேட்ட நான்தான் பாத்தேன், கோட்ரைமாக்ஸசோல் டிஸ்க்க சுத்தி வட்டமே இல்ல, 63 சதவீதத்துல அவளும் ஒருத்தி. ஆனா காய்ச்சல் ஆரம்பிச்சு பத்து மணி நேரத்துல ஊசி வழியா ஆன்டிபயாடிக் ஏறிட்டு. டாக்டரு ராத்திரி மருந்த மாத்துனாரு, இன்னொரு தடவ இப்படி வந்தா டெஃப்ளக்ஸ் பேசலாம்னாரு, அண்ணனும் அதுக்கு ரெடியா இருந்தான். வரல. மூணரை வயசுல எடுத்த எம்.சி.யு.ஜி.ல கிரேடு 1, டி.எம்.எஸ்.ஏ.ல பழைய தழும்பு மட்டும், புதுசு இல்ல, மருந்த நிப்பாட்டிட்டோம். பிரஷர் மட்டும் வருஷத்துக்கு ஒருக்க பாக்கச் சொல்லியிருக்காங்க, தழும்பு இருக்குல்லா. கிரேடு 4, 5 ஆ இருந்து மருந்த மீறி ரெண்டு தடவ வந்திருந்தா நான் யோசிக்காம ஆபரேஷனுக்கு கையெழுத்து போட்டிருப்பேன், ஊசிக்கு கூட நிக்க மாட்டேன், 63, 51 சதவீதத்துக்கு மயக்கம் குடுக்க எனக்கு மனசு வராது.

இப்ப ரெண்டாவது பயலுக்கு ஏழு மாசம். கூடப்பொறந்தவங்களுக்கு நாலுல ஒருத்தருக்கு ரிஃப்ளக்ஸ் இருக்கும்னு படிச்சதால பொறந்த முதல் மாசமே அல்ட்ராசவுண்ட் எடுத்தோம், ரெண்டு கிட்னியும் நார்மல். எம்.சி.யு.ஜி. பண்ணிருவோமான்னு நான்தான் கேட்டேன், காய்ச்சல் வராத பிள்ளைக்கு டியூப் எதுக்கும்மான்னு டாக்டரு வேண்டாம்னுட்டாரு. போன வாரம் பயலுக்கு ஒடம்பு சுட்டுச்சு, நான் ஷிப்டுல இருந்தேன், போன் பண்ணுனா மாமி, "டப்பாவுல பிடிச்சு பிரிட்ஜ்ல வச்சிருக்கு, நீ வந்து எடுத்துட்டுப் போ"ன்னாங்க. ஒண்ணும் இல்ல, சளிதான்.